பத்தரை நொடி ஓட்டமும் தீராத சந்தேகமும்

திருத்தணி மலைக்கு 365 படியும் ஏறிப் போனவங்களுக்கு ஒண்ணு தெரியும். அடிவாரத்துல இலைகூட அசையாது, மேலே போய் நின்னா துப்பட்டா பறக்கும். ஒரே ஊர், ஒரே நேரம், ரெண்டு இடத்துல ரெண்டு காத்து. இதை மனசுல வெச்சுக்கோங்க. நான் சொல்லப்போற கதையில காத்தும் ஒரு முக்கியமான ஆள்.

1988 ஜூலை 16. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்துல ஒலிம்பிக் தகுதிப் போட்டி. பெண்கள் 100 மீட்டர் காலிறுதியில ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் ஓடி முடிச்சப்போ கடிகாரம் காட்டியது 10.49 நொடி. அதுவரைக்கும் உலக சாதனை ஈவ்லின் ஆஷ்ஃபோர்டின் 10.76. ஒரே ஓட்டத்துல 0.27 நொடி குறைஞ்சுடுச்சு! ஆண்கள் சாதனை கார்ல் லூயிஸின் 9.86-ல இருந்து உசேன் போல்டின் 9.58-க்கு இறங்க 1991 முதல் 2009 வரை 18 வருஷம் ஆச்சு. அப்போ இது எவ்வளவு பெரிய தாவல்னு நீங்களே பாருங்க.

பின்காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல போனா சாதனையா ஏத்துக்க மாட்டாங்க. ஓடுபாதை ஓரத்துல இருந்த காற்றுமானி 0.0-னு காட்டியது. அதே நேரம் பக்கத்துல மும்முறைத் தாண்டலுக்கு வெச்சிருந்த கருவி 4.3 காட்டியது. மலையடிவாரமும் உச்சியுமா இருந்தாலாவது நம்பலாம், இது ஒரே மைதானம். இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கிறவங்களைக் கேட்டா சென்சாரைத்தான் முதல்ல சந்தேகப்படுவாங்க. 1995-ல நிக் லிந்தோர்ன் என்ற இயற்பியலாளர் செய்த ஆய்வும் காற்று 5 மீட்டருக்கு மேல இருந்திருக்கணும்னுதான் சொல்லுது. ஆனா சாதனைப் புத்தகத்துல 10.49 அப்படியே இருக்கு. இதுல ஃப்ளோரன்ஸ் செய்த தப்பு என்ன? மானியைப் படிக்கிறது ஓடுறவங்க வேலை இல்லையே. மறுநாள் இறுதிப் போட்டியில, சட்டத்துக்கு உட்பட்ட 1.2 காற்றுல அவர் 10.61 ஓடினார். அதுவும் பழைய சாதனையைத் தாண்டினதுதான். இதைப் பத்தி யாரும் பேசறதில்ல.

யார் இவர்? 1959 டிசம்பர் 21-ல லாஸ் ஏஞ்சலஸ்ல பிறந்தவர். 11 பிள்ளைகள்ல ஏழாவது. அம்மா தையல் வேலை செய்தவர். வாட்ஸ் பகுதியில ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்புல வளர்ந்தார். காசில்லாம பாதியில கல்லூரியை விட்டுட்டு பேங்க்ல கவுண்டர் வேலை பார்த்தார். பயிற்சியாளர் பாப் கெர்ஸி நிதியுதவிக்கு வழி செய்து மறுபடி படிக்க வெச்சார். 1984 ஒலிம்பிக், 1987 ரோம் உலகப் போட்டி ரெண்டுலயும் 200 மீட்டர்ல வெள்ளி. 1987-ல மும்முறைத் தாண்டல் வீரர் ஆல் ஜாய்னரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். நீள நகம், ஒரு காலுக்கு மட்டும் துணி வெச்ச பளபள உடை, விரிச்சுவிட்ட முடி. பத்திரிகைகள் ஃப்ளோ-ஜோன்னு கொண்டாடின.

அதே வருஷம் சியோல்ல மூணு தங்கம், ஒரு வெள்ளி. 200 மீட்டர்ல 21.34, இன்னைக்கும் உலக சாதனை. ஆனா அதே சியோல்லதான் பென் ஜான்சன் 9.79 ஓடி, ஸ்டானோசோலால் மாட்டி, மூணே நாள்ல தங்கத்தை இழந்தார். ஜெயிச்சப்போ அவரைக் கனடாக்காரர்னு எழுதின பேப்பர்கள், மாட்டினப்போ ஜமைக்காவில பிறந்தவர்னு எழுத ஆரம்பிச்சதைக் கவனிங்க. அவருக்குப் பின்னால வந்து தங்கம் வாங்கின கார்ல் லூயிஸ், அதே வருஷத் தகுதிப் போட்டியில தடைசெய்த ஊக்கிகளுக்குச் சோதனையில சிக்கியிருந்தார். அளவு கொஞ்சம், தெரியாம நடந்ததுன்னு அமெரிக்க ஒலிம்பிக் குழு ஏத்துக்கிட்டது. உலகத்துக்கு அது தெரிஞ்சது 2003-ல. ஒருத்தருக்கு மூணு நாள், ஒருத்தருக்குப் பதினஞ்சு வருஷம்.

ஃப்ளோ-ஜோவுக்கோ, தீர்ப்பே இல்லாத தண்டனை. 1988-ல 11 சோதனை, எல்லாத்துலயும் தேறினார். ஆனா 100 மீட்டர்ல 10.96-ல இருந்து ஒரே வருஷத்துல 10.49. உடம்பு இறுகியிருக்கு, முகம் மாறியிருக்குன்னு பேச்சு. ஒரு சக ஓட்டக்காரர் வளர்ச்சி ஹார்மோன் வித்ததா பத்திரிகைக்குச் சொன்னார், இவர் மறுத்தார், எதுவும் நிரூபணம் ஆகல. 1989 பிப்ரவரியில திடீர்னு ஓய்வு. முன்னறிவிப்பில்லாத சோதனைகள் தீவிரமாகிற நேரம் அது. அதனால சந்தேகம் நியாயமானதுதான்னு நானும் நினைக்கிறேன். ஆனா சந்தேகம் வேற, முடிவு வேற.

1998 செப்டம்பர் 21. தூக்கத்துல வலிப்பு வந்து மூச்சுத் திணறி இறந்தார். வயசு 38. மகள் மேரி அப்போ சின்னப் பொண்ணு. அன்னைக்கே டிவியில ஸ்டீராய்டு விவாதம். மூளையில பிறவியிலேயே இருந்த ரத்தக்குழாய்க் கோளாறுதான் காரணம்னு பிரேதப் பரிசோதனை சொன்னது. ஸ்டீராய்டுக்கும் சோதிச்சுடுங்கன்னு கேட்டாங்க, ஆனா அதுக்குத் தேவையான அளவு சிறுநீர் கிடைக்கல. அந்தக் கதவும் அடைஞ்சுபோச்சு.

நம்ம பக்கத்துக்கு வாங்க. ஷேன் வார்ன் 2003 உலகக் கோப்பைக்கு முன்னால சிறுநீர்ப் பெருக்கி மாத்திரைக்கு மாட்டி ஒரு வருஷத் தடை வாங்கினார். திரும்பி வந்து விக்கெட் எடுத்தார், கைதட்டினோம். 2022-ல அவர் இறந்தப்போ நம்ம ஸ்டேட்டஸ்ல அந்த மாத்திரை எங்கேயாவது வந்துச்சா? இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க 1998-ல நாண்ட்ரலோனுக்கு மாட்டினதா அறிவிக்கப்பட்டு, பிறகு குற்றமற்றவர்னு விடுவிக்கப்பட்டார். 2000 சிட்னியில 200 மீட்டர்ல வெண்கலம் வாங்கினார். தங்கம் வாங்கின மரியான் ஜோன்ஸ் 2007-ல மருந்து எடுத்ததை ஒப்புக்கிட்டதால, 2009-ல சுசந்திகாவுக்கு வெள்ளி வந்தது. ஒன்பது வருஷம் கழிச்சு, மேடையும் கொடியும் இல்லாம.

ஃப்ளோ-ஜோவோட 10.49-க்கு இதுவரைக்கும் ரொம்பக் கிட்ட வந்தவர் ஜமைக்காவின் எலைன் தாம்ப்சன்-ஹெரா, 2021-ல 10.54.