கணக்கப்பிள்ளை கட்டிய ரயில்



தேனியில் ரயில்வே கேட் மூடியதும் எரிச்சலோடு வண்டியை அணைத்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். பின்சீட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கு மட்டும் அது கொண்டாட்டம். பெட்டிகளை எண்ணும், டாட்டா காட்டும். வீட்டுக்கு வந்ததும் தீப்பெட்டிகளைக் கோர்த்து ஹாலில் ரயில் விடும். அந்தப் பிள்ளையை மனதில் வைத்துத்தான் இந்த இதழில் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்கிறோம். அவர் பெயர் பிராங்க் ஹார்ன்பி. பொம்மை ரயில் என்றாலே பல நாடுகளில் நினைவுக்கு வருகிற பெயர். அவர் பொறியியல் படித்தவர் இல்லை. கணக்கு எழுதிப் பிழைத்தவர்.

ஹார்ன்பி 1863 மே 15 அன்று இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். அந்த ஊருக்கு ரயில் சரித்திரத்தில் தனி இடம் உண்டு. நீராவி எஞ்சின்களைக் கொண்டு இரு பெரிய நகரங்களை இணைத்த முதல் ரயில் பாதை, 1830ல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையேதான் திறக்கப்பட்டது. ஆனால் சிறுவன் பிராங்குக்கு எஞ்சின் பட்டறை வாய்க்கவில்லை. அப்பா மளிகைச் சரக்கு வியாபாரி. 16 வயதில் படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் கடையிலேயே காசாளராக உட்கார்ந்தார். நம் சின்னமனூர், கம்பம் மண்டிகளில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்!

1887ல் கிளாரா என்ற பள்ளி ஆசிரியையை மணந்தார். ரோலண்ட், டக்ளஸ் என்று இரண்டு மகன்கள். 1899ல் அப்பா காலமானார். கடையை மூட வேண்டியதாயிற்று. குடும்பத்தைக் காப்பாற்ற, எலியட் என்ற இறைச்சி இறக்குமதியாளரிடம் கணக்கராகச் சேர்ந்தார்.

பகலெல்லாம் பேரேடு, இரவில் பட்டறை. மகன்களுக்காகத் தகரத்தை வெட்டி பாலம், பாரம் தூக்கும் கிரேன் என்று செய்து பார்த்தார். ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாகப் பாகம் வெட்டுவது பெரும்பாடு. ஒரு ரயில் பயணத்தில், ஜன்னல் வழியே ஒரு கிரேனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு வழி புலப்பட்டது என்று சொல்வார்கள். எல்லாப் பட்டைகளும் அரை அங்குல அகலம். எல்லாத் துளைகளும் அரை அங்குல இடைவெளி. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நட்டு, போல்ட். அப்படிச் செய்தால் இன்று கிரேனாக நிற்பதைக் கழற்றி நாளை பாலமாகக் கட்டலாம். மறுநாள் அதுவே ஒரு வண்டியாகும்.

இதைக் காப்புரிமையாகப் பதிவு செய்ய அவரிடம் பணம் இல்லை. முதலாளி எலியட்டிடம் 5 பவுண்டு கடன் வாங்கி 1901 ஜனவரியில் பதிவு செய்தார். எலியட்டே கூட்டாளியாகவும் சேர்ந்து, அலுவலகத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தையும் கொடுத்தார். 'மெக்கானிக்ஸ் மேட் ஈசி' என்ற பெயரில் பெட்டிகள் கடைக்கு வந்தன. லிவர்பூல் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் ஹீலி ஷா அதைப் பாராட்டியது கைகொடுத்தது. ஆனாலும் முதல் சில ஆண்டுகளில் லாபம் வரவில்லை.

1907ல்தான் ஹார்ன்பி துணிந்தார். வயது 44. மாதச் சம்பளத்தை விட்டார். மெக்கானோ என்ற பெயரைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு கம்பெனி தொடங்கியபோது எலியட் அதில் சேரவில்லை. இந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். கையில் இருப்பது துளை போட்ட தகரப் பட்டைகள். அதை நம்பி வேலையை விடுவதா? ஹார்ன்பி நம்பினார். 1914ல் லிவர்பூல் பின்ஸ் சாலையில் பெரிய தொழிற்சாலையே எழுந்தது. 1916ல் மெக்கானோவுக்கென ஒரு பத்திரிகையும் வந்தது.

ரயில் பிறகுதான் வருகிறது. அதுவரை பொம்மை ரயில் என்றால் ஜெர்மனிதான். முதல் உலகப்போரில் அந்த வரத்து நின்றது. போர் முடிந்து 1920ல் ஹார்ன்பி தன் ரயிலை விட்டார். சாவி கொடுத்தால் ஓடும் நீராவி எஞ்சின் பொம்மை. தண்டவாள அகலம் 32 மில்லிமீட்டர். அதிலும் தன் பழைய கொள்கையை அவர் கைவிடவில்லை. எஞ்சினை நட்டு, போல்ட் கழற்றி மறுபடி பூட்டலாம். வண்டியோடு நிற்காமல் நிலையம், சிக்னல், சரக்குப் பெட்டி என்று ஒவ்வொன்றாக வந்தன. எஞ்சினை மட்டும் வைத்தால் அது பொம்மை. சுற்றிலும் ஊர் இருந்தால்தான் அது ரயில் பாதை. இன்றும் மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் இதற்குத்தான் வருடக்கணக்கில் உட்காருகிறார்கள்.

1925ல் மின்சார ரயில் வந்தது. அந்த முதல் மாதிரிக்கு வீட்டு மின்சாரத்தை ஒரு பல்பு வழியாகக் கொடுத்தார்கள். படிக்கும்போதே உங்களுக்குப் பகீர் என்றிருக்கும். பிறகு குறைந்த மின்னழுத்தத்துக்கு மாறினார்கள். இப்போது வரும் குட்டி ரயில்கள் பொதுவாக 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுபவை.

1931ல் லிவர்பூலின் எவர்டன் தொகுதியிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினரானார். 1936 செப்டம்பர் 21ல் காலமானார். இன்று பலர் வீட்டில் வைத்திருக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாள ரயிலை அவர் கம்பெனி விற்றது 1938ல். அதை அவர் பார்க்கவில்லை. பின்ஸ் சாலைத் தொழிற்சாலை 1979ல் மூடப்பட்டது. அவர் பெயரில் ரயில்கள் மட்டும் இன்னும் விற்பனையாகின்றன.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய பெட்டிகளும் விளம்பரங்களும் ஆண்பிள்ளைகளை நோக்கியே பேசின. நம் குடியிருப்பில் அந்தத் தவறு வேண்டாம். ஸ்பேனர் பிடிக்க உங்கள் மகளுக்கும் கை இருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். மதுரை - போடி பாதை 1928ல் மீட்டர்கேஜாகத் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். 1950களில் மறுபடி போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மூடினார்கள். 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் ரயில் திரும்பி வந்தது. ரயில் வந்துவிட்டது, கரி எஞ்சினும் மீட்டர்கேஜும் போய்விட்டன. அவை நம் பெரியவர்களின் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன.

அந்தப் பழைய பாதையை 76ல் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் தண்டவாளம் 13 மில்லிமீட்டராகும். பிளாட்பாரத்தில் நிற்கும் ஆள் 22 மில்லிமீட்டர் உயரம் இருப்பார். தேனி முதல் போடி வரையிலான 15 கிலோமீட்டரை முழுதாகக் கட்ட 197 மீட்டர் நீளம் வேண்டும். நம் வராண்டா தாங்காது. ஆகவே ஒரே ஒரு நிலையம் போதும். ஒரு பழைய மேசை, அட்டை, தெர்மாகோல், காய்ந்த தேயிலைத்தூள், பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை வரைந்த ஒரு படம். எஞ்சினைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டுவதற்குப் பிள்ளைகள் தயார். அளவு சொல்லத்தான் ஆள் வேண்டும். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்த தொட்டி எந்தப் பக்கம் இருந்தது? பெட்டிகளுக்கு என்ன நிறம்? ஏலக்காய் மூட்டைகளை எங்கே அடுக்கினார்கள்? அந்த ரயிலில் போன தாத்தா, பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க அறைக்கு அழைத்து வாருங்கள். பழைய புகைப்படம் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறோம். ஹார்ன்பியும் இரண்டு பிள்ளைகளுக்காக, ஒரு மேசையில்தான் ஆரம்பித்தார்.