ஜேம்ஸ் ஹோர்னெல்

ஜேம்ஸ் ஹோர்னெல் (1865 – 1949) தென்னிந்தியா, இலங்கை ஆகியவற்றின் கடல்வாழ் மெல்லுடலிகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்த ஆங்கிலேய விலங்கியலாளர் ஆவார். மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிகள், சோழமண்டலக் கடற்கரையின் சங்கு, பழவேற்காட்டு ஏரியின் உண்ணத்தக்க சிப்பிகள் ஆகியன இவருடைய ஆய்வின் முதன்மைப் பொருள்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராகப் பணியாற்றியவர். பிற்காலத்தில் படகுகள், மீன்பிடி முறைகள் ஆகியவற்றின் வரலாற்றை எழுதிய இனவரைவியலாளராகவும் அறியப்பட்டார்.

முத்தும் சங்கும் தமிழர் வாழ்வில் நெடுங்காலமாக இடம் பெற்றவை. ஆயினும் அவற்றைத் தரும் உயிரினங்கள் எவ்வாறு பிறக்கின்றன, எங்கே வளர்கின்றன, ஏன் சில ஆண்டுகளில் பெருகிச் சில ஆண்டுகளில் அடியோடு மறைகின்றன என்பன போன்ற கேள்விகளுக்கு முறையான விடை தேடும் பணி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் விரிவாக நடைபெற்றது. அப்பணியில் ஹோர்னெலின் பங்கு பெரிது.

மெல்லுடலிகள்

மெல்லுடலிகள் என்பன முதுகெலும்பற்ற, மென்மையான உடலைக் கொண்ட விலங்குகள். விலங்குத் தொகுதிகளுள் கணுக்காலிகளுக்கு அடுத்ததாக மிகுதியான இனங்களைக் கொண்டது இத்தொகுதியே. தோட்டங்களில் மழைக்காலத்தில் காணப்படும் நத்தை, வயல் நத்தை, சங்கு, சோழி ஆகியன வயிற்றுக்காலிகள். மட்டி, ஆளி, முத்துச் சிப்பி ஆகியன இரண்டு ஓடுகளை உடைய இருவோட்டுடலிகள். கணவாய், பேய்க்கணவாய், ஆழ்கடலில் வாழும் பெருங்கணவாய் ஆகியன தலைக்காலிகள். ஹோர்னெல் இம்மூன்று வகைகளைப் பற்றியும் எழுதியுள்ளார். எனினும், கடலோர மக்களின் பிழைப்போடு தொடர்புடைய இனங்களே இவருடைய கவனத்தைப் பெரிதும் ஈர்த்தன.

தொடக்ககாலப் பணிகள்

ஹோர்னெல் 1865 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஜெர்சி தீவில், இயற்கை ஆர்வலரும் தம் மாமனாருமான ஜோசப் சினெலுடன் சேர்ந்து ஒரு கடலுயிரியல் நிலையத்தை நடத்தினார். அங்குக் கடல் விலங்குகளைச் சேகரித்துப் பதப்படுத்துதல், நுண்ணோக்கியில் காண்பதற்கான மாதிரிகளை உருவாக்குதல் போன்ற பணிகளில் ஈடுபட்டார். இங்குப் பெற்ற செய்முறைப் பயிற்சி இவருடைய பிற்கால ஆய்வுகளுக்கு அடித்தளமாக அமைந்தது.

இலங்கை முத்துக்குளிப்பு ஆய்வு

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு ஒழுங்காக நடைபெறும் தொழிலன்று. சில ஆண்டுகள் முத்துப் பார்களில் சிப்பிகள் கோடிக்கணக்கில் கிடைக்கும். பின்னர்ப் பல ஆண்டுகள் ஒன்றும் கிடைக்காது. இதனால் அரசின் வருவாயும், குளியாளர், வணிகர் ஆகியோரின் பிழைப்பும் நிலையற்றிருந்தன. இதன் காரணத்தை அறிய இலங்கை அரசு, லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மேனை 1902 இல் அழைத்தது. அவருக்கு உதவியாளராக ஹோர்னெல் இலங்கைக்கு வந்தார். ஹெர்ட்மேன் சில மாதங்களில் நாடு திரும்பினார். ஹோர்னெல் அங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். இவ்வாய்வின் முடிவுகள் 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக இலண்டன் அரச கழகத்தால் வெளியிடப்பட்டன.

முத்துச் சிப்பியின் இளவுயிரிகள் பிறந்தவுடன் நீரில் மிதந்து திரிகின்றன. பின்னரே கடலடியில் பாறை போன்ற உறுதியான பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டுவதற்கு இடம் கிடைக்காதபோதும், மணல் மூடும்போதும், நீரோட்டம் அடித்துச் செல்லும்போதும், மீன்களும் உடுமீன்களும் உண்ணும்போதும் அவை அழிகின்றன. எனவே கடலடியில் கற்களைப் பரப்புதல், நெருக்கமாக வளரும் இளஞ்சிப்பிகளைக் களைதல், அழிவுக்கு உள்ளாகும் பார்களிலிருந்து பாதுகாப்பான பார்களுக்கு அவற்றை இடம் மாற்றுதல் ஆகிய வழிமுறைகள் பரிந்துரைக்கப்பட்டன.

1905 ஆம் ஆண்டு இலங்கையில் நடைபெற்ற முத்துக்குளிப்பில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. இதனால் ஊக்கமடைந்த முதலீட்டாளர்கள் 1906 இல் ஒரு நிறுவனத்தை அமைத்து, முத்துப் பார்களை 20 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தனர். ஆனால் 1907 க்குப் பின் பார்களில் எடுப்பதற்குச் சிப்பிகள் இல்லாமற்போயின. சில ஆண்டுகளில் அந்நிறுவனம் கலைக்கப்பட்டது. அறிவியல் அறிவு பெருகியிருந்தும், கடலின் போக்கை மனிதர் விரும்பியவாறு மாற்ற இயலவில்லை என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகும்.

முத்து உருவாதல் பற்றிய கொள்கை

முத்து எவ்வாறு உருவாகிறது என்பதும் அக்காலத்தில் விவாதத்திற்கு உரியதாக இருந்தது. சிப்பியின் உடலுள் நுழையும் நாடாப்புழுவின் இளவுயிரியைச் சுற்றியே சிறந்த முத்துகள் உருவாகின்றன என்று ஹெர்ட்மேனும் ஹோர்னெலும் கருதினர். ஆர்தர் ஷிப்லி என்னும் விலங்கியலாளருடன் இணைந்து ஹோர்னெல் இப்புழுவை விவரித்தார். முத்தை உண்டாக்குவது என்னும் பொருள்படவே அதற்கு இனப்பெயர் இடப்பட்டது.

இக்கொள்கை நிலைபெறவில்லை. சிப்பியின் ஓட்டைச் சுரக்கும் மூடுபடலத்தின் உயிரணுக்கள் இடம்பெயர்ந்து, உடலின் உட்பகுதியில் ஒரு பையைப் போல் அமைந்து, அதனுள் முத்துப் பொருளைப் படலம் படலமாகச் சுரப்பதே முத்து உருவாவதற்கு அடிப்படை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இம்முறையைப் பின்பற்றியே சப்பானியர் செயற்கை முறையில் உருண்டை முத்துகளை வளர்த்தனர். இந்தியாவில் 1973 இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் இதே முறையில் வெற்றி கண்டனர்.

சென்னை மீன்வளத் துறையில்

சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறையை உருவாக்கியவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். அவருடைய காலத்தில், 1908 இல், ஹோர்னெல் இத்துறையில் சேர்ந்து முத்து, சங்கு ஆகியவற்றின் குளிப்பை மேற்பார்வையிடும் பொறுப்பை ஏற்றார். நிக்கல்சனுக்குப் பின் துறையின் இயக்குநராகி, 1924 இல் ஓய்வு பெற்றார்.

பிரான்சு நாட்டின் அர்க்கசோன் என்னும் ஊரில் சிப்பி வளர்ப்பு பெருந்தொழிலாக நடைபெற்று வந்தது. அம்முறையை ஆராய்ந்து, இந்தியச் சூழலுக்கு ஏற்ப மாற்றி, 1910 ஆம் ஆண்டளவில் பழவேற்காட்டு ஏரியில் உண்ணத்தக்க சிப்பிகளை வளர்க்கும் பண்ணை ஒன்றை ஹோர்னெல் தொடங்கினார். இந்தியாவில் சிப்பி வளர்ப்புக்கான முதல் முயற்சியாக இது கருதப்படுகிறது. பரோடா அரசுக்காகக் குசராத்தின் ஓகாமண்டல் கடற்பகுதியை ஆராய்ந்து அறிக்கைகள் அளித்தார். மத்தி மீனின் வாழ்க்கை வரலாறு குறித்து எம். இராமசாமி நாயுடுவுடன் இணைந்து எழுதினார்.

சங்கு பற்றிய ஆய்வு

ஹோர்னெலின் மெல்லுடலி ஆய்வுகளுள் புகழ் பெற்றது 1914 இல் வெளிவந்த இந்தியச் சங்கு பற்றிய நூலாகும். டர்பினெல்லா பைரம் என்னும் அறிவியற் பெயர் கொண்ட இவ்வயிற்றுக்காலி, இந்தியா, இலங்கை ஆகியவற்றின் கடல்களில் மணற்பாங்கான அடித்தளத்தில் வாழ்வது. புழுக்களை உணவாகக் கொள்வது.

சங்கு, ஆட்டுக்கடாவின் கொம்பைப் போல் முறுக்கிய முட்டைக் கூட்டை மணலில் நிலைநிறுத்துகிறது. இக்கூடு பல அறைகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். முத்துச் சிப்பியின் இளவுயிரிகளைப் போல் இவை நீரில் மிதந்து திரிவதில்லை. கூட்டினுள்ளேயே வளர்ந்து, சிறு சங்குகளாகவே வெளிவந்து ஊர்கின்றன. இதனால் ஓரிடத்துச் சங்குகளை முற்றிலும் எடுத்துவிட்டால், வேறிடத்திலிருந்து அவை வந்து பெருகுவதற்கு நெடுங்காலமாகும். இளஞ்சங்குகளை மீண்டும் கடலில் விட வேண்டும் என்னும் விதியின் தேவையை இவ்வுண்மை விளக்குகிறது.

வலம்புரிச் சங்கு பற்றியும் இந்நூல் விளக்குகிறது. சங்கின் கூரிய சுருள்முனையை மேலாகவும் வாயைத் தம்மை நோக்கியும் பிடித்துப் பார்ப்பது விலங்கியலாளர் வழக்கம். அவ்வாறு பார்க்கும்போது இயல்பான சங்கின் வாய் வலப்புறம் அமையும். நம் நாட்டு வழக்கில் சங்கைத் தலைகீழாக, நீண்ட குழல் போன்ற முனை மேலிருக்குமாறு பிடித்துப் பார்ப்பர். எனவே மக்கள் வலம்புரி என்று அழைப்பதை விலங்கியலாளர் இடஞ்சுழி என்பர். பெயர் மாறினும் பொருள் ஒன்றே. இயல்புக்கு மாறாகச் சுருண்ட இத்தகைய சங்கு மிக அரிதாகவே கிடைப்பதால் அதன் மதிப்பு உயர்ந்தது.

தமிழகக் கடலில் மூச்சடக்கிக் குளித்து எடுக்கப்பட்ட சங்குகள் வங்காளத்திற்கு அனுப்பப்பட்டன. அங்கு டாக்கா முதலிய ஊர்களில் பிறைவடிவ இரும்பு வாளால் அவற்றை அறுத்து வளையல் செய்தனர். திருமணமான இந்துப் பெண்கள் அவ்வளையல்களை அணிவது வங்காள மரபு. இத்தொழிலின் தொன்மையை ஆராய்ந்த ஹோர்னெல், பழைய பாண்டியத் துறைமுகமான கொற்கையில் வாளால் அறுக்கப்பட்ட சங்குத் துண்டுகளைக் கண்டெடுத்தார். சங்கு அறுத்தல் பற்றிய சங்க இலக்கியச் செய்திகளையும் சான்றாகக் கொண்டு, இத்தொழில் ஒரு காலத்தில் தமிழகத்திலேயே சிறப்புற்றிருந்தது என நிறுவினார். பின்னாளில் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு உட்படப் பல தொல்லியல் களங்களில் கிடைத்த சங்குப் பொருள்கள் இக்கருத்துக்கு வலுச் சேர்த்தன.

தென்னிந்திய மெல்லுடலிகள்

1921 இல், தென்னிந்தியக் கடற்கரையில் பரவலாகக் காணப்படும் மெல்லுடலிகளைப் பற்றிய கையேடு ஒன்றை வெளியிட்டார். ஓடுகளின் அடையாளங்களோடு, உயிரினங்களின் வாழிடம், உணவு, பயன் ஆகியவற்றையும் கூறுவது இதன் சிறப்பு. மட்டியும் கிளிஞ்சலும் உணவாகவும் சுண்ணாம்பாகவும் பயன்படுதல், மருந்துக் கடைகளில் கடல்நுரை என விற்கப்படும் பொருள் கணவாயின் உள்ளோடே ஆதல் போன்றவை, இவ்வகை உயிரினங்கள் அன்றாட வாழ்வோடு கொண்ட தொடர்பைக் காட்டும் எடுத்துக்காட்டுகள். இவருடைய மறைவுக்குப் பின், 1951 இல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இக்கையேட்டை மறுபதிப்பாக வெளியிட்டது.

புதுச்சேரிக் கடற்கரை

ஹோர்னெல் பணியாற்றிய காலத்தில் புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. எனவே அவை சென்னை மீன்வளத் துறையின் ஆளுகைக்கு உட்படவில்லை. 1954 இல்தான் அவற்றின் நிருவாகம் இந்தியாவிடம் வந்தது. ஆயினும் கடல்வாழ் உயிரினங்களுக்கு ஆட்சி எல்லைகள் இல்லை. சோழமண்டலக் கடற்கரை பற்றி இவர் எழுதிய கையேடு புதுச்சேரிக் கடற்கரைக்கும் பொருந்துவதாகும். இக்கரையில் ஒதுங்கும் சங்கு, சோழி, கிளிஞ்சல், கணவாய் ஓடு ஆகியவற்றை இனங்காண விரும்பும் மாணவர்களுக்கு இது பயன்படும்.

படகுகள் பற்றிய ஆய்வு

மீனவரோடு நெருங்கிப் பழகிய ஹோர்னெல் அவர்களுடைய கலங்களையும் நுணுக்கமாகக் குறிப்பெடுத்தார். கட்டுமரம், அலைகடந்து செல்லும் மசூலாப் படகு, தோணி, வள்ளம் ஆகியவற்றின் கட்டமைப்பை 1920 இல் வெளியான ஆய்வில் விவரித்தார். மசூலாப் படகு ஆணியின்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்து அமைக்கப்படுவது. துறைமுக வசதியற்ற சென்னை, புதுச்சேரி ஆகிய ஊர்களில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்குகளையும் ஏற்றிச் சென்றவை இப்படகுகளே. தென்னிந்தியப் படகுகளில் பாலினீசியத் தீவினரின் செல்வாக்கு உள்ளது என்னும் இவருடைய கருத்து விவாதத்திற்கு உரியது. எனினும், படகுகளைப் பற்றிய இவருடைய நேரடி விவரிப்புகள் இன்றும் ஆய்வாளர்களால் எடுத்தாளப்படுகின்றன. அவற்றுட் பல வகைகள் தற்போது வழக்கொழிந்துவிட்டன.

ஓய்வுக்குப் பின்

ஓய்வு பெற்றபின் 1924 – 1925 இல் செயின்ட் ஜார்ஜ் என்னும் கப்பலில் பசிபிக் பெருங்கடலுக்குச் சென்ற அறிவியல் பயணக் குழுவில் இனவரைவியலாளராகப் பங்கேற்றார். மொரிசியசு, சீசெல்சு, மால்ட்டா, பாலத்தீனம் முதலிய இடங்களின் மீன்வளம் குறித்து அறிக்கைகள் எழுதினார். ஏ. சி. ஹேடனுடன் இணைந்து பசிபிக் தீவுகளின் ஓடங்களைப் பற்றி எழுதிய நூல் 1936 முதல் 1938 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. நீர்வழிப் போக்குவரத்தின் தோற்றம் குறித்த இவருடைய பெருநூல் 1946 இல் கேம்பிரிட்ஜில் வெளியிடப்பட்டது. 1949 இல் ஹோர்னெல் காலமானார். மீன்பிடி முறைகள் பற்றிய நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது.

மதிப்பீடு

ஹோர்னெல் குடியேற்ற அரசின் அலுவலராகவே பணியாற்றினார். முத்தும் சங்கும் அரசுக்கு வருவாய் தருவன என்பதனாலேயே இவருடைய ஆய்வுகளுக்கு ஆதரவு கிடைத்தது. எனினும், கடலோர மக்களின் தொழில்நுட்ப அறிவை மதித்து விரிவாகப் பதிவு செய்தமை இவருடைய தனிச்சிறப்பு. முத்து பற்றிய இவருடைய கொள்கை தவறெனத் தள்ளப்பட்டது. சங்கின் வாழ்க்கை பற்றிய விவரிப்புகள் பிற்கால ஆய்வுகளுக்கு அடிப்படையாக நிலைத்தன.

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்பே இந்தியப் பகுதியில் இறுதியானது. மன்னார் வளைகுடாவின் தீவுகளை உள்ளடக்கிய பகுதி 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன் அக்கடலடி எவ்வாறு இருந்தது என்பதை அறிய விரும்புவோருக்கு, ஹோர்னெலின் அறிக்கைகள் முதன்மையான ஆவணங்களாக விளங்குகின்றன.