வானில் கைகொடுத்த வள்ளல்

தறியில் ஓர் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு நெசவைத் தொடரலாம். ஒரே எஞ்சின் கொண்ட சிறு விமானத்தில் அந்த எஞ்சின் நடுவானில் நின்றுவிட்டால், நிறுத்திச் சரிசெய்ய அங்கே இடமேது? அத்தகைய விமானங்களிலே துணிந்து பறந்து, இந்திய விமானப் போக்குவரத்தின் தந்தை எனப் பெயர் பெற்றவர் ஜே. ஆர். டி. டாட்டா.

இவர் 1904ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். நம்மைப் போன்ற பதினைந்து வயதில் முதன்முதலாக விமானத்தில் ஏறினார். அன்றே பறக்கும் ஆசை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், இந்தியாவின் முதலாம் எண் விமானி உரிமத்தைப் பெற்றார்.

எஞ்சின் நின்றவுடன் விமானம் கல்லைப் போல் விழுந்துவிடாது. மூக்கைச் சற்றே தாழ்த்தித் தக்க வேகத்தைக் காத்தால், பருந்தைப் போல் சறுக்கி இறங்கும். ஆகவே நல்ல விமானி போதிய உயரத்தில் பறப்பார். இறங்கத்தக்க வெளியை முன்னதாகவே கண்டு வைப்பார். பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் பழுதானால் எஞ்சின் வலிமை குன்றும். பாலைவனத்தில் அதை எங்கே வாங்குவது? அதனால் நெடுந்தொலைவு செல்வோர் உதிரிப் பிளக்குகளை உடன் கொண்டு செல்வர்.

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் 500 பவுன் பரிசு அறிவித்தார். 1930ஆம் ஆண்டில் டாட்டா கராச்சியிலிருந்து புறப்பட்டார். எகிப்து நாட்டின் அபூகீரில் இறங்கியபோது, எதிர்த்திசையில் வந்த போட்டியாளர் ஆஸ்பி என்ஜினியர் என்ற இளைஞர் பிளக் இன்றித் தவித்து நிற்பதைக் கண்டார். தாமும் கடல் கடக்க வேண்டும். உதிரிகளே தமக்குக் காவல். ஆயினும் தயங்காமல் அவற்றைக் கொடுத்து உதவினார். சில மணி நேரம் முந்தி ஆஸ்பி பரிசை வென்றார். பிற்காலத்தில் அவர் இந்திய விமானப் படைத் தளபதியானார்.

1932 அக்டோபர் 15ஆம் நாள், ஒற்றை எஞ்சின் 'புஸ் மாத்' விமானத்தில் டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து அவருடைய நண்பர் நெவில் வின்சென்ட் அதைச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். அந்தச் சிறு தொடக்கமே பின்னாளில் ஏர் இந்தியாவாக வளர்ந்தது.

1992இல் பாரத ரத்னா விருது பெற்ற அப்பெருமகனார், 1993 நவம்பர் 29இல் ஜெனீவாவில் மறைந்தார்.

அன்புச் சகோதரிகளே! முன்னெச்சரிக்கை நம்மைக் காக்கும்; பகிர்ந்துகொண்டால் அது பிறரையும் காக்கும். பரிசை இழந்தும் பெரும்புகழ் பெற்ற டாட்டாவின் வழியில் நாமும் நடப்போமாக!