கஞ்சியை மறுக்காத புனிதர்



ஊவாவின் மலைகளும் கண்டி அரசுக்குள் அடங்கியிருந்த காலத்தில், அவ்வரசின் தலைநகரைத் தம் மறைப்பணியின் மையமாக்கியவர் புனித யோசேப் வாஸ் அடிகளார். 1651இல் கோவாவின் பெனோலிம் ஊரில் பிறந்த அவர், 1676இல் குருவானார். ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கைக் கத்தோலிக்கர் குருக்களின்றித் தவிப்பதைக் கேள்வியுற்று, 1687இல் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தடைந்தார்.

வந்த வேளையிலேயே கடும் வயிற்றுளைச்சல் அவரை வீழ்த்தியது. பெண்ணொருத்தி அளித்த கஞ்சியே அவரைப் பிழைக்க வைத்ததென்று அவர்தம் வரலாறு கூறுகிறது. பின்னர் மாறுவேடத்தில் மறைந்து திரிந்து இறைமக்களைத் தேடினார். 1692இல் கண்டியில் போர்த்துக்கேய ஒற்றனென ஐயுறப்பட்டுச் சிறைப்பட்டார். வேறு குருவின் துணையின்றி ஏறத்தாழ 10 ஆண்டுகள் கழிந்தன.

அதன்பின் கோவாவிலிருந்து குருக்கள் வந்தபோது, பணியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாது அவர்களோடு பகிர்ந்துகொண்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, மன்னரும் நகரைவிட்டு அகன்றபோது, உறவினரான கர்வாலியோ அடிகளாருடன் கைவிடப்பட்ட நோயாளரைப் பேணினார். 1710இல் மறைப்பயணமொன்றிலிருந்து நோயுற்றுத் திரும்பியவர், காய்ச்சல் தணிந்தும் வலுப்பெறவில்லை. 1711 ஜனவரி 16இல், தம் 59ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அவரது உடல் தளர்ந்ததற்கு இதுவே காரணமென்று இன்று நாம் வகுத்துரைக்க இயலாது. எனினும் நீடித்த மன அழுத்தம் உடலையும் வருத்துமென மருத்துவம் அறிந்துள்ளது. ஆபத்து வேளையில் சிறிதுநேரம் உதவவேண்டிய சுரப்புகள் ஓயாது சுரந்தால் உறக்கம் கெடும். இரத்த அழுத்தம் உயரும். நோயெதிர்ப்பு ஆற்றல் தளரும். கவனம் சிதறி, பழகிய கைவேலையும் பிசகும்.

பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் இதனைக் காண்கிறோம். விடியுமுன் எழுந்து சமைத்து மலையேறும் தாய், கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேராகிவிடுமே என்ற கவலையோடு கொய்கிறாள். மாலையில் லயனுக்குத் திரும்பினாலும் வேலை ஓய்வதில்லை. 2014இல் மீரியபெத்தையில் லயன்களை மண்சரிவு மூடியதை அறிந்தவளுக்கு, மழை இரவில் உறக்கமும் வருவதில்லை. தலைவலியையும் நெஞ்சுப் படபடப்பையும் தன் சிலுவையென்று மறைக்கிறாள். வீட்டாரோ அதனைப் பொறுமையென்று போற்றுகின்றனர்.

புனிதர் பிறர் தந்த கஞ்சியை மறுக்கவில்லை. துணை வந்தபோது சுமையைத் தனியே சுமக்கவுமில்லை. சிலுவை சுமந்த நம் ஆண்டவருக்கே சிரேன் ஊர்ச் சீமோன் தோள்கொடுத்தார் அன்றோ? இவ்வாரம் நம் இல்லத்தில் ஓயாது உழைப்பவரின் ஒரு வேலையையேனும் நாம் ஏற்போம். அவர் சொல்லாத நோவைக் கேட்டறிந்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.