ஹஜ்ரத் குவாஜா பந்தே நவாஸ் (ரஹ்) அவர்களும் திருமறையின் உட்பொருளும்

சென்னையிலிருந்து மும்பை செல்லும் ரயிலில் ஏறி, குல்பர்கா எனும் கலபுரகியில் இறங்கி ஜியாரத் செய்து வருவோர் நம்மில் பலருண்டு. அங்கு அடங்கியிருக்கும் ஹஜ்ரத் குவாஜா பந்தே நவாஸ் கேசூதராஸ் (ரஹ்) அவர்களின் கராமத்துகளை நாம் அறிவோம். அன்னார் திருக்குர்ஆனுக்குத் தப்ஸீர் எழுதிய பேராலிம் என்பதை அறிந்தோர் சிலரே.

ஹிஜ்ரி 721ல் (கி.பி. 1321) டில்லியில் பிறந்தார்கள். இயற்பெயர் ஸய்யித் முஹம்மத் ஹுஸைனி. முஹம்மத் பின் துக்ளக் தலைநகரைத் தவுலதாபாத்துக்கு மாற்றியபோது குடும்பமும் அங்கு சென்றது. தந்தையார் அப்பகுதியிலேயே வபாத்தானார்கள். பதினைந்து வயதளவில் டில்லி திரும்பி, ஹஜ்ரத் நஸீருத்தீன் சிராகே டில்லி (ரஹ்) அவர்களிடம் பைஅத் செய்தார்கள்.

திக்ரின் இன்பத்தைச் சுவைத்த அவ்விளைஞர், ஓதுவதை நிறுத்திவிட்டு முழுநேரமும் வணக்கத்தில் கழிக்க ஷைகிடம் அனுமதி வேண்டினார்கள். ஷைகு இசையவில்லை. பஸ்தவியின் உஸூல், கஷ்ஷாப் தப்ஸீர் முதலிய கிதாபுகளை முறையாக ஓதி முடிக்கப் பணித்தார்கள். முரீதும் கீழ்ப்படிந்து ஓதி முடித்தார்கள்.

கி.பி. 1356ல் ஷைகு மறைந்தபின் அன்னாரின் இடத்தில் அமர்ந்தார்கள். 1398ல் தைமூரின் படையெடுப்பு நெருங்கவே டில்லியை விட்டுப் புறப்பட்டு, பின்னர் பாமினி சுல்தான் பிரோஸ் ஷாவின் ஆட்சியிலிருந்த குல்பர்காவில் தங்கினார்கள்.

அன்னாரின் ‘முல்தகத்’ ஸூபியாக்களின் வழியில் அமைந்த அரபு தப்ஸீர். ஆயத்தின் வெளிப்பொருளை ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து உள்ளத்துக்குக் கிடைக்கும் குறிப்பையும் சொல்வது அவ்வழி. அக்குறிப்புக்கு இஷாரா என்று பெயர். மூஸா (அலை) அவர்கள் புனிதப் பள்ளத்தாக்கில் காலணிகளைக் கழற்றப் பணிக்கப்பட்டார்கள். இறைவனை நாடுவோன் இம்மை மறுமை இரண்டின் ஆசையையும் கழற்றவேண்டும் என்பது ஸூபியாக்கள் அதில் காணும் இஷாரா. அதற்காகக் காலணி மெய்யாகவே கழற்றப்படவில்லை என்று அவர்கள் கூறமாட்டார்கள். வெளிப்பொருளை மறுப்பது வழிதவறிய பாத்தினிய்யாக்களின் போக்கு.

பந்தே நவாஸ் (ரஹ்) அவர்கள் கஷ்ஷாபின் முறையிலும் ஒரு தப்ஸீரைத் தொடங்கி ஐந்து ஜுஸ்வுகள் வரை எழுதினார்கள். உட்பொருள் கண்ட பின்னரும் வெளிப்பொருளை அன்னார் விட்டுவிடவில்லை. ஹிஜ்ரி 825 துல்கஃதா 16ல் (கி.பி. 1422) வபாத்தானார்கள்.

உள்ளத்தால் தொழுகிறோம், உடலால் தொழுவது பாமரருக்கே என்று பேசுவோர் இன்றும் உண்டு. அத்தகையோர் ஸூபியாக்களின் பெயரைச் சொல்லி உங்கள் வீட்டுக்கு வந்தால், அந்த இளம் முரீதை அவர் ஷைகு மீண்டும் கிதாபுகளிடமே அனுப்பியதை எண்ணிப் பாருங்கள்.

அல்லாஹ் நமக்கு ஷரீஅத்தின் பிடிமானத்தையும் மஃரிபத்தின் ஒளியையும் ஒருங்கே தந்தருள்வானாக, ஆமீன்.