முகங்களை மீட்டளித்த ஹரோல்ட் கில்லீஸ்

முகத்தைத் திருத்திக்கொள்ளும் விருப்பம் இன்று செல்வந்தருக்கு மாத்திரம் உரியதன்று. மாத்தளை நகரிலும், உக்குவெல, இரத்தோட்டைத் தோட்டப்புறங்களிலும் வாழும் இளைஞர், யுவதிகளின் கைத்தொலைபேசிகளுக்கு அழகுச் சிகிச்சை விளம்பரங்கள் நாள்தோறும் வந்து சேருகின்றன. மூக்கைத் திருத்தலாம், தழும்பை அகற்றலாம் என அவை உறுதி கூறுகின்றன. உறுதி கூறுபவர் எங்கே கற்றவர் என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. அக்கேள்வியின் பெறுமதியை உணர்த்துவது, நவீன பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையின் தந்தை எனப் போற்றப்படும் சேர் ஹரோல்ட் கில்லீஸின் வாழ்க்கையாகும்.

கில்லீஸ் 1882 ஜூன் 17ஆம் திகதி நியூசிலாந்தின் டனீடின் நகரிற் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும், லண்டன் சென் பார்த்தலோமியு வைத்தியசாலையிலும் கற்று, காது, மூக்கு, தொண்டைச் சத்திரசிகிச்சையிற் தேர்ச்சி பெற்றார். முகங்களைச் சீரமைக்கும் பணிக்கு அவர் வருமுன் இத்தகைமைகள் யாவும் அவரிடம் இருந்தன என்பது கவனிக்கத்தக்கது.

முதலாம் உலகப் போரின்போது, 1915இல், அவர் இராணுவ வைத்தியராகப் பிரான்ஸ் சென்றார். பதுங்குகுழிப் போரில் தலையை உயர்த்திய வீரர் பலர் தாடையையும் மூக்கையும் இழந்து உயிர் தப்பினர். அங்கே வலாடியே என்னும் பல் வைத்தியர் சிதைந்த தாடைகளைச் சீரமைப்பதிற் பெருந்திறமை காட்டினார். ஆயினும் சத்திரசிகிச்சைத் தகைமை இல்லாத அவர், தகைமை பெற்ற ஒருவரின் மேற்பார்வையிலேயே சிகிச்சை செய்ய அனுமதிக்கப்பட்டார். அம்மேற்பார்வையாளராக அமர்ந்த கில்லீஸ், அவரிடமிருந்தே இத்துறையின் ஆரம்பப் பாடங்களைக் கற்றார். போர்க்காலத்தின் அவசரத்திலும் திறமையும் தகைமையும் தனித்தனியே நோக்கப்பட்டன.

1916இல் இங்கிலாந்தின் ஓல்டர்ஷொட்டில் முகக்காயங்களுக்கான தனிப்பிரிவை அவர் ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு சிட்கப் நகரில் இதற்கெனவே ஒரு வைத்தியசாலை திறக்கப்பட்டது. அங்கு 5,000க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு 11,000க்கும் அதிகமான சத்திரசிகிச்சைகள் நடைபெற்றன. கில்லீஸ் தனித்து இயங்கியவரல்லர். பல் வைத்தியர், மயக்க மருந்து வைத்தியர், தாதியர் ஆகியோருடன், காயங்களை வரைந்து பதிவு செய்ய ஹென்றி டொங்ஸ் என்னும் ஓவியரும் அவருடன் இருந்தார்.

நெற்றித் தோலை மடித்து மூக்கை அமைக்கும் முறை பாரத தேசத்திலே தொன்றுதொட்டு வழங்கிய கலையாகும். புனேயில் நடைபெற்ற அத்தகைய சிகிச்சை பற்றிய செய்தி 1794இல் லண்டன் சஞ்சிகை ஒன்றில் வெளியாகி, ஐரோப்பிய வைத்தியரைச் சிந்திக்க வைத்தது. கில்லீஸின் கரங்களில் இக்கலை புதுவடிவம் பெற்றது. உடலிலிருந்து முற்றாகப் பிரிக்கப்படாத தோற்பகுதியின் ஓரங்களைக் குழாய்போலத் தைத்தால் இரத்தவோட்டம் பேணப்படும், கிருமித்தொற்றும் குறையும் என 1917இல் அவர் கண்டார். அன்று பெனிசிலின் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இத்தகைய வல்லுநரும் தோல்வி கண்டார். முகம் முழுவதும் எரிந்த ஹென்றி லம்லி என்னும் இளம் விமானிக்கு, 1918இல், மார்புத் தோலைக் கொண்டு முழு முகத்தையும் ஒரே தடவையில் மூட முயன்றார். தொற்று ஏற்பட்டது, இளைஞர் உயிரிழந்தார். அதன்பின், உடல் தாங்கும் அளவறிந்து படிப்படியாகச் செய்வதையே கில்லீஸ் வற்புறுத்தினார். பொறுத்திருப்பது அவரது கோட்பாடாயிற்று.

போருக்குப் பின்னர் அழகுக்கான சத்திரசிகிச்சையிலும் அவர் ஈடுபட்டார். ஆயினும் அதற்கெனத் தரத்தைத் தளர்த்தவில்லை. 1920இல் முகச் சத்திரசிகிச்சை பற்றிய நூலை வெளியிட்டார். 1930இல் சேர் பட்டம் பெற்றார். 1946இல் பிரித்தானிய பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையாளர் சங்கத்தின் முதல் தலைவரானார். 1960 செப்டெம்பர் 10ஆம் திகதி காலமானார்.

அவரது வாழ்விலிருந்து எமது மக்கள் பெறவேண்டிய பாடம் தெளிவானது. வைத்தியரின் பெயர் இலங்கை மருத்துவச் சபையிற் பதிவு பெற்றுள்ளதா? பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் அவர் பட்டப்பின் பயிற்சி பெற்றவரா? சிகிச்சை நிலையம் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவானதா? மயக்க மருந்து கொடுப்பவர் யார்? சிக்கல் ஏற்படின் எங்கே கொண்டு செல்வர்? இவற்றைக் கேட்பது அவமரியாதையன்று. உண்மையான நிபுணர் இக்கேள்விகளுக்குச் சினங்கொள்ளார். ஆபத்துகளைத் தாமே எடுத்துரைப்பார், தேவையற்றதெனில் சிகிச்சையை மறுக்கவும் தயங்கார். அழகுக்கலைச் சான்றிதழ் சத்திரசிகிச்சைத் தகைமையாகாது.

மாத்தளை மாவட்டத்தவருக்கு வழி தொலைவிலில்லை. மாவட்ட வைத்தியசாலையின் வைத்தியரை அணுகினால், தேவை உள்ளோரைக் கண்டி தேசிய வைத்தியசாலையின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அவர் அனுப்பிவைப்பார். தீக்காயத் தழும்போடும் பிளவுபட்ட உதட்டோடும் பிறர் பார்வைக்கு அஞ்சி ஒதுங்கி வாழ்வோர் இவ்வழியை அறிந்திருத்தல் அவசியம். ஆலோசனை பெறுமுன் நகையை அடகு வைத்து விளம்பரக்காரரிடம் கொடுத்துவிட்டு, பின்னர் அழிந்த முகத்தோடு அரசாங்க வைத்தியசாலைக்கு வருவது பெருந்துயராகும்.

மாதக்கணக்கிற் காத்திருந்தே ஒரு மூக்கை உருவாக்கினார் கில்லீஸ். தம் முகத்தை ஒப்படைக்கும் முன் சில நாட்கள் விசாரித்தறிவது எவருக்கும் பெருஞ்சுமையாகாது.