இறம்பொடையிற் பிறந்த குரல்

வெசாக் நாட்களிற் பிலிமத்தலாவைத் தெருவழியே நடப்போர் செவியில் இன்றும் வந்து விழும் பாடல்களுள் ஒன்று ‘சிரி புத்தகயா விஹாரே’. அதிற் கேட்கும் பெண்குரல் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்த கிறித்தவச் சிறுமியின் குரல் என்பதை என் மாணாக்கருட் பலர் அறியார்.

1923ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் நுவரெலியா மாவட்டத்து இறம்பொடையில் தோன்றிய டெய்சி இராசம்மா டானியல்சே, பின்னர் ருக்மணி தேவி எனப் புகழ்பெற்ற அம்மையார். இளமையிலேயே கொழும்பில் நாடக மேடை ஏறினார். அவர்தம் குரல்வளத்தை அறிந்து இசைத்தட்டுக்கு அழைத்தவர் எச். டபிள்யூ. ரூபசிங்க என்னும் இசையாசிரியர். 1930களின் இறுதியில் இருவரும் சேர்ந்து பாடிய பாடலே மேற்குறித்தது.

இணைப்பாடல் என்றவுடன் காதற்பாட்டையே நினைப்பது நம் வழக்கமாகிவிட்டது. இதுவோ வழிபாட்டுப் பாட்டு. சுமார் மூன்று நிமிடமே ஓடும் அக்காலத் தட்டில், முதிர்ந்த ஆண்குரலும் பதின்பருவப் பெண்குரலும் ஒன்றையொன்று வெல்ல முயலவில்லை. ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் மெல்லப் பற்றிக்கொள்கின்றார். தட்டின் கரகரப்பையும் மீறி, அப்பெண்குரலின் தெளிவு நெஞ்சைத் தொடுகின்றது.

1947ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமாகிய ‘கடவுணு பொறொந்துவ’வில் அவரே நாயகி. அப்படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர், படம்பிடிக்கப்பட்டதும் தென்னிந்தியாவிலேயே. பின்னாளிற் சேலத்திற் பிறந்த இசுலாமியரான முகைதீன் பேக் அவர்களோடு அம்மையார் பாடிய இணைப்பாடல்கள் பல. சிங்கள மக்கள் தமக்கே உரியனவாய்ப் போற்றும் அப்பாடல்களைத் தந்த இரு குரல்களும் இவ்வாறு வேற்றுக் குடிப்பிறந்தவை.

பெயரை மாற்றித் தமிழை விட்டகன்றார் என அம்மையாரைக் குறைகூறுவோர் நம்மிடையே உளர். நான் அதற்கு உடன்படேன். பிறர் மொழியிற் பிறர் வழிபாட்டைப் பாடி, அதனைக் கேட்டோர் தம் வீட்டுப் பெண்ணின் குரலென்றே கொள்ளச் செய்தல் எளிய காரியமன்று. நம் இசை வரலாற்று நூல்களில் அவருக்குத் தனி இயலொன்று எழுதப்படுதல் வேண்டும்.

1978ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் நாள், மாத்தறையில் நிகழ்ந்த இசை நிகழ்ச்சியிற் பாடிவிட்டுத் திரும்பும் வழியில், ஜா-எல அருகே துடெல்லவில் நேர்ந்த ஊர்தி விபத்தில் உயிர்நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 55.